சொந்த மைக் செட் வைத்திருக்கும் கலைஞர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் கோயில் கொடை (எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழா), பஜனை, சின்னக் கச்சேரி, பள்ளி ஆண்டு விழா என்று ஒரு வேனில் அடங்கும் மைக் செட்டோடு சுற்றுகிறவன் நான். முன்பெல்லாம் சவுண்டு சர்வீஸ்காரரை நம்பித்தான் கலைஞர்கள் மேடை ஏறினார்கள். இப்போது வில்லுப்பாட்டுக் குழு, நாட்டியப் பள்ளி, பஜனை கோஷ்டி என்று பலரும் எட்டு சேனல் (மைக்கோ கருவியோ உள்ளே வரும் தனித்தனி வழி) உள்ள மிக்சர் ஒன்று, உள்ளேயே ஆம்ப்ளிஃபயர் உள்ள 12 இன்ச் ஆக்டிவ் ஸ்பீக்கர் இரண்டு, மைக் நாலைந்து எனச் சொந்தமாகவே வாங்கிவிடுகிறார்கள். வாங்கிய மறு வாரம் எனக்குப் போன் வரும். அப்படி வந்த கேள்விகளும், நான் சொன்ன பதில்களும் இங்கே.

மிக்சரில் இருக்கும் கெயின், ஃபேடர், மாஸ்டர் மூன்றுமே சத்தத்தைத்தானே கூட்டுகின்றன? எதற்கு மூன்று?

மூன்றையும் திருகினால் சத்தம் கூடும், உண்மைதான். ஆனால் மூன்றுக்கும் வேலை வேறு. சாதாரண டைனமிக் மைக்கில் வாயை ஒட்டிப் பாடினாலும் அதிலிருந்து கிளம்பும் மின்சாரம் சில மில்லிவோல்ட்தான். மிக்சர் உள்ளே வேலை செய்வதோ கிட்டத்தட்ட ஒரு வோல்ட் அளவில். அந்தச் சின்னச் சிக்னலைப் பல நூறு மடங்கு பெரிதாக்கி உள்ளே எடுப்பது கெயின். உள்ளே வந்ததில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பிரிப்பது ஃபேடர், அதாவது ஒவ்வொரு சேனலிலும் ஏற்றி இறக்கும் பிடி. மொத்தமாக வெளியே எவ்வளவு போக வேண்டும் என்பது மாஸ்டர்.

வயக்காட்டுக்காரர்களுக்குச் சொன்னால் சட்டென்று புரியும். கெயின் என்பது குளத்து மடை. ஃபேடர் ஒவ்வொரு வயலின் வாமடை. குளத்து மடையை ஒரு விரற்கடை மட்டும் திறந்துவிட்டு வயலில் போய் வாமடையை எவ்வளவு வெட்டினாலும் சகதிதான் வரும். மிக்சரில் அந்தச் சகதிக்குப் பெயர் இரைச்சல், 'உஸ்ஸ்' என்று ஓடிக்கொண்டே இருக்கும். மடையை மொத்தமாகத் தூக்கிவிட்டால் கரை உடையும். அதுதான் குரல் கிழிவது.

சரி, கெயினை எந்த இடத்தில் நிறுத்துவது?

எண்ணைப் பார்த்து நிறுத்த முடியாது. பாடுகிறவர் யார், மைக் எது, வாய்க்கும் மைக்குக்கும் எவ்வளவு தூரம் என்பதை வைத்து அது மாறும். போன கொடையில் குமிழ், கடிகார முள் இரண்டு மணி காட்டும் இடத்தில் இருந்தது என்று குறித்து வைப்பதில் பயன் இல்லை.

நான் செய்வது இப்படி. அந்தச் சேனலின் ஃபேடரை முழுக்க இறக்கிவிடுவேன். ஈக்வலைசர் குமிழ்கள் எல்லாம் நடுவில். குரல் மைக் என்றால் லோ கட் பட்டனை அழுத்திவிடுவேன். 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே குரலில் பெரிதாக ஒன்றும் இல்லை, காற்று அடிப்பதும் ஸ்டாண்டில் கால் இடிப்பதும்தான் இருக்கும். பிறகு பிஎஃப்எல் பட்டனை அழுத்தினால் அந்த ஒரு சேனலின் அளவு மட்டும் மீட்டரில் தெரியும். பாடச் சொல்லிவிட்டுக் கெயினை மெதுவாகத் திருக வேண்டும். சாதாரணமாகப் பாடும்போது மீட்டர் பூஜ்யத்தைச் சுற்றி ஆட வேண்டும், உச்சத்தில் அதைத் தாண்டி மஞ்சளுக்குப் போகலாம், சிவப்பு எரியக்கூடாது. டிஜிட்டல் மிக்சரில் கணக்கு வேறு: அதில் பூஜ்யம்தான் கூரை, அதற்கு மேலே இடமே இல்லை. அங்கே சராசரி மைனஸ் 18 பக்கமும் உச்சம் மைனஸ் 6-க்குக் கீழேயும் இருந்தால் நிம்மதி.

சின்ன மிக்சர்களில் பிஎஃப்எல்லும் இருக்காது, சேனலுக்கு ஒரு பீக் லைட் (அளவு மீறினால் எரியும் சிவப்பு விளக்கு) மட்டும்தான். அப்போது உச்சத்தில் பாடச் சொல்லி, லைட் மினுக்கும் வரை திருகி, பின்பு கடிகார முள்ளில் ஒரு மணி நேர அளவு பின்னால் இழுத்துவிடுங்கள். போதும்.

இதில் ஒரு சிக்கல், கலைஞர்களே உண்டாக்குவது. டெஸ்டிங்கில் யாரும் பாடுவதே இல்லை. 'ஹலோ ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ' என்று காதில் ரகசியம் சொல்வது போலச் சொல்லிவிட்டு, 'போதும்ப்பா, நல்லாருக்கு' என்று டீ குடிக்கப் போய்விடுவார்கள். அந்த ஹலோவுக்குக் கெயின் வைத்தால் நிகழ்ச்சி தொடங்கிய பத்தாவது நிமிடம் சிவப்பு லைட் அணையாமல் எரியும். ஒரு கொடையில் அப்படித்தான் மாட்டிக்கொண்டேன். சுடலைமாடன் கதையில் சாமியை அழைக்கும் கட்டம் வந்ததும் வில்லுப்பாட்டு அண்ணாச்சியின் குரல் டெஸ்டிங்கில் கேட்டதைப் போல நாலு மடங்கு ஏறியது. ஸ்பீக்கரில் வந்தது பாட்டே இல்லை, தகரத்தைக் கிழிக்கிற சத்தம். அதிலிருந்து நான் 'ஹலோ' கேட்பதில்லை. 'அண்ணாச்சி, சாமி வர்ற இடத்துல ரெண்டு வரி பாடுங்க' என்றுதான் கேட்பேன்.

பீக் லைட் எரிகிறது. ஃபேடரை இறக்கினேன், சத்தம் குறைந்தது, ஆனால் கிழிசல் அப்படியே இருக்கிறதே?

கிழிந்தது கெயினில். அதற்குப் பிறகு வருகிற எதைக் குறைத்தாலும் கிழிந்த குரல்தான் மெதுவாகக் கேட்கும். கெயினைக் குறைத்து, அந்த அளவுக்கு ஃபேடரை ஏற்றுங்கள்.

எந்தச் சேனலிலும் சிவப்பு இல்லை, ஆனாலும் கிழிகிறது என்றால் மாஸ்டர் மீட்டரைப் பாருங்கள். அதுவும் சரி என்றால் ஸ்பீக்கரின் பின்னால் உள்ள லிமிட் லைட், ஸ்பீக்கர் தாங்கும் எல்லையைத் தொட்டால் எரிவது. சிக்னல் போகும் வழியிலேயே, மைக்கிலிருந்து ஸ்பீக்கர் வரை, ஒவ்வொரு இடமாகப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். எங்கே முதலில் சிவப்பு தெரிகிறதோ அங்கே குறைக்க வேண்டும். மணிக்கணக்கில் கிழிந்த சத்தத்தை ஓட்டினால் முதலில் போவது ட்வீட்டர், கீச்சுச் சத்தங்களைக் கொடுக்கும் சின்ன ஸ்பீக்கர். அதை மாற்றும் செலவில் நல்ல மைக் ஒன்று வாங்கலாம்.

நிகழ்ச்சி நடக்கும்போது சத்தம் போதவில்லை என்றால் கெயினைக் கூட்டலாமா?

கூட்டாதீர்கள். பெரும்பாலான சின்ன மிக்சர்களில் மேடை மானிட்டருக்கு (பாடுகிறவர் தன் குரலைக் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கர்) போகும் ஆக்ஸ் அவுட்டும் கெயினைத் தாண்டித்தான் பிரிகிறது. நீங்கள் ஜனங்களுக்கு என்று நினைத்துக் கெயினைத் திருகினால் மானிட்டரும் சேர்ந்து ஏறும், அடுத்த நொடி 'கூய்ய்'. ஃபேடரையோ மாஸ்டரையோ தொடுங்கள். நிகழ்ச்சி தொடங்கிய பிறகு கெயினில் கை வைக்க ஒரே காரணம் சிவப்பு லைட்.

ஹவுலிங்கை எப்படி நிறுத்துவது? ஈக்வலைசரில் எந்த இடத்தை வெட்டுவது?

எல்லாரும் ஈக்வலைசரிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரில் வந்த சத்தத்தை மைக் மறுபடி கேட்டு, அது மறுபடி ஸ்பீக்கருக்குப் போய், சுற்றிச் சுற்றிப் பெருகுவதுதான் ஹவுலிங். அந்தச் சுற்றை உடைக்க வேண்டும்.

முதல் வேலை, மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவருவது. தூரம் பாதியானால் குரல் மைக்கில் சுமார் 6 டெசிபல் கூடுகிறது. 20 சென்டிமீட்டரில் இருந்ததை 5 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் 12 டெசிபல். ஒரு பைசா செலவில்லாமல் இவ்வளவு கிடைக்கிறது. அந்த அளவுக்குக் கெயினைக் குறைத்துக்கொள்ளலாம், மைக் ஸ்பீக்கரைக் கேட்பதும் அதே அளவு குறைந்துவிடும். மூன்று விரல் தூரம் என்று சொல்லிக்கொடுங்கள். சிலர் மரியாதைக்காக மைக்கிலிருந்து ஒதுங்கி நின்று பாடுவார்கள், குறிப்பாக பஜனையில் பெரியவர்கள். எச்சில் பட்டுவிடுமோ என்ற கூச்சம்தான். அவர்களுக்கென்று ஒரு ஃபோம் உறையைத் தனியாக வைத்திருக்கிறேன். 'அம்மா, இது துவைச்சது, பக்கத்துல வாங்க' என்றால் வருவார்கள்.

அடுத்தது, ஸ்பீக்கர் இருக்கும் இடம். மைக்குகள் இருக்கும் வரிசைக்கு முன்னால், ஜனங்களைப் பார்த்தபடி. மேடைக்குப் பின்னால் ஸ்பீக்கரை வைத்துவிட்டு அதற்கு முன்னால் உட்கார்ந்து பாடினால் எந்த மிக்சராலும் காப்பாற்ற முடியாது. மானிட்டர் வைக்கும் இடம் மைக்கைப் பொறுத்தது. 1966-இல் வந்து இன்றும் எல்லா மேடையிலும் கிடக்கிற ஷ்யூர் எஸ்எம்58 போன்ற கார்டியாய்டு மைக்குக்கு நேர் முதுகுப்புறம்தான் காது மந்தம். அதனால் மானிட்டரைப் பாடுகிறவருக்கு நேர் எதிரே, மைக்கின் வால் பார்க்கும் திசையில் வையுங்கள். சூப்பர்கார்டியாய்டு என்று எழுதியிருந்தால் அதற்கு முதுகில் கொஞ்சம் காது உண்டு. மந்தமான இடம் சுமார் 125 டிகிரியில், அதாவது பின்பக்கம் சற்று ஓரமாக. மானிட்டரையும் அங்கே நகர்த்துங்கள். நேர் பின்னால் வைத்துவிட்டு மைக் சரியில்லை என்று கடைக்குத் திருப்பிக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடிப்பது. இளவட்டங்களுக்கு அது ஒரு ஸ்டைல். வலைக்குப் பின்பக்கத்துத் துளைகள் வழியாக வரும் சத்தத்தை வைத்துத்தான் மைக் திசையைப் பிரிக்கிறது. அதைப் பொத்தினால் எல்லாத் திசையையும் கேட்கத் தொடங்கும், உடனே ஊளையிடும். இதில் வேடிக்கை, ஊளை கேட்டதும் பயத்தில் இன்னும் இறுக்கிப் பொத்துவார்கள்.

நான்காவது, பேசாத மைக்கை மூடி வைப்பது. திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரண்டு மடங்கானால் ஊளையிடாமல் ஏற்றக்கூடிய சத்தம் 3 டெசிபல் குறைகிறது. எட்டு மைக்கைத் திறந்துவிட்டு ஒருவர் மட்டும் பாடினால் 9 டெசிபலைத் தூக்கி ஆற்றில் போட்ட மாதிரி.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு குறிப்பிட்ட சுரத்தில் முனகினால் அப்போது ஈக்வலைசர். 'ஊம்ம்' என்று குடத்துக்குள் கத்துவது போல இருந்தால் 250 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை, விசில் போலக் கீச்சிட்டால் 2,000-க்கு மேல். சின்ன மிக்சரின் மூன்று குமிழில் துல்லியமாக வெட்ட முடியாது, குரலும் சேர்ந்து மெலியும். கொஞ்சமாக வெட்டுங்கள். எக்கோவையும் குறைத்துப் பாருங்கள். எக்கோ அதிகமானால் அதுவும் சுற்றைப் பெரிதாக்கும். எங்கள் ஊர்ப் பக்கம் எக்கோ இல்லாவிட்டால் மைக் செட்டே இல்லை என்று நினைப்பார்கள், அது தனிக் கதை.

வில்லுப்பாட்டுக்கு எத்தனை மைக்?

நான்கு. ஆறு மைக் வைத்துப் பார்த்திருக்கிறேன், நான்குதான் நன்றாக இருக்கிறது.

பாட்டு சொல்கிற தலைமைப் பாடகருக்கு ஒன்று. அவர் இரண்டு கையிலும் வில்லை அடிக்கும் வீசுகோல் வைத்திருப்பதால் கையில் பிடிக்க முடியாது. நீட்டுக் கை உள்ள ஸ்டாண்டில், வில்லுக்கு மேலே குறுக்காக நீட்டி, வாய்க்குச் சற்றுக் கீழிருந்து மேல்நோக்கிப் பார்க்கும்படி வைக்க வேண்டும். வீசுகோல் ஓங்கும்போது ஸ்டாண்டில் இடிக்காத பக்கமாக ஸ்டாண்டின் கால் இருக்கட்டும். முதலில் மைக் இல்லாமல் இரண்டு நிமிடம் அடிக்கச் சொல்லி, கை எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்துக்கொண்டுதான் ஸ்டாண்டை நடுவேன்.

குடத்துக்கு ஒன்று. குடத்தின் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேராகப் பார்க்காமல் சற்றுச் சாய்வாக. நேராக வைத்தால் அடி விழும்போது வெளிவரும் காற்று மைக்கை உதைக்கும். இந்தச் சேனலில் லோ கட் வேண்டாம். குடத்தின் 'கும்' அங்கேதான் இருக்கிறது.

பின்பாட்டுக்காரர்களுக்கு, 'ஆமா' போடுகிறவர்கள் இருவருக்கு நடுவே ஒன்று. உடுக்கைக்கும் அந்தப் பக்கத்துப் பாடகருக்கும் சேர்த்து ஒன்று. ஜால்ராவுக்கும் கட்டைக்கும் மைக் வேண்டவே வேண்டாம். மற்ற நான்கு மைக்கிலும் நாம் கேட்காமலே அவை வந்துவிடும். வில்லின் மணியும் அப்படித்தான்.

யாரும் சொல்லாத ஒரு விஷயம்: வில்லை அடிக்கும் அதிர்வு பலகை வழியாக ஸ்டாண்டில் ஏறி மைக்குக்குள் 'தொம் தொம்' என்று வரும். எவ்வளவு தேடினாலும் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. ஸ்டாண்டின் மூன்று காலுக்கு அடியிலும் ஒரு துண்டை மடித்து வையுங்கள். பாதி போய்விடும்.

சின்னக் கச்சேரிக்கு?

நூறு பேர் உட்காரும் கூடத்தில் பாட்டு, வயலின், மிருதங்கம் என்றால் பாடகருக்கும் வயலினுக்கும் முழுக் கவனம், மிருதங்கத்துக்குத் தொட்டும் தொடாமலும். வலந்தலை (வலது கைப் பக்கம்) மேடையில் இருந்தே கேட்கும். தொப்பிப் பக்கம் (இடது கைப் பக்கம்) ஒரு மைக் போதும். மோர்சிங் வந்தால் தலைகீழ்: அதன் சத்தம் மிகச் சிறியது, மைக்கை ஒட்டித்தான் வாசிக்க வேண்டும், கெயின் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் போகும். வீணைக்குக் காண்டாக்ட் மைக் (கருவியின் மேல் ஒட்டுவது) என்றால் நேராக மிக்சரில் சொருகாமல் டிஐ பாக்ஸ் (கருவியின் சிக்னலை மிக்சரின் மைக் இன்புட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சின்னப் பெட்டி) வழியாகக் கொடுத்தால் தகரச் சத்தம் குறையும். நாதஸ்வரம், தவிலுக்குக் கூடத்துக்குள் மைக் கேட்டால் நான் சிரித்துக்கொண்டே கையெடுத்துக் கும்பிட்டுவிடுவேன்.

சுருதிப் பெட்டிக்கு முன்னால் மைக் வைக்காதீர்கள். வயர் போட்டு நேராக மிக்சருக்குள் எடுங்கள்; ஒரு திறந்த மைக் மிச்சம்.

மொபைலில் இருந்து பாட்டு போட்டால் இசை கேட்கிறது, பாடகர் குரல் மட்டும் காணாமல் போகிறது. பாட்டு ஃபைல் கெட்டுவிட்டதா?

நாட்டியப் பள்ளிகளிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி. ஒரு ஆண்டு விழாவில் எட்டுச் சிறுமிகள் அலாரிப்பு முடித்து, அடுத்த பாட்டுக்கு வரிசையில் நின்றார்கள். வயலின் வந்தது, மிருதங்கம் எங்கோ கிணற்றுக்குள் கேட்டது, குரல் வரவே இல்லை. டீச்சர் அக்கா மேடை ஓரத்தில் நின்று தானே பாடி ஒப்பேற்றினார்.

குற்றம் வயரில். மொபைலில் சொருகும் சின்ன ஜாக் ஸ்டீரியோ: இடது, வலது என்று இரண்டு சிக்னல். மறுமுனையில் மைக்குக்கான மூன்று முள் எக்ஸ்எல்ஆர் பின் போட்ட வயரைக் கடையில் கொடுத்துவிடுகிறார்கள். மிக்சரின் மைக் இன்புட் இரண்டு கம்பிகளுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் எடுக்கும். பொதுவாக இருப்பதை இரைச்சல் என்று நினைத்துக் கழித்துவிடும். பாட்டில் குரல் எப்போதும் நடுவில், அதாவது இடதிலும் வலதிலும் ஒரே மாதிரி இருக்கும். அதைத்தான் கழித்துவிட்டது. வேண்டியது ஒரு பக்கம் சின்ன ஸ்டீரியோ ஜாக், மறு பக்கம் பெரிய மோனோ ஜாக் இரண்டு உள்ள வயர். இரண்டையும் ஸ்டீரியோ சேனலில் சொருகுங்கள். ஒரே சேனல்தான் காலி என்றால் ஒன்றை மட்டும் சொருகிவிட்டு மற்றதைத் தொங்கவிடுங்கள், குரல் இருக்கும்.

அளவு விஷயம்: மொபைலும் கீபோர்டும் கொடுப்பது லைன் அளவு, மைக்கைப் போல நூறு மடங்குக்கும் மேல் பெரிது. மொபைல் வால்யூமை முக்கால் பங்குக்கு மேல் வைத்து, மிக்சரில் கெயினை முழுக்க இறக்கி அங்கிருந்து மெல்லத் திருகுங்கள். ஆக்டிவ் ஸ்பீக்கரின் பின்னால் மைக், லைன் என்று ஒரு சுவிட்ச் இருந்தால் மிக்சரிலிருந்து வரும் வயருக்கு அது லைனில் இருக்க வேண்டும். மைக்கில் விட்டுவிட்டு 'புது ஸ்பீக்கர், கிழியுது' என்று போன் செய்தவர்கள் பலர்.

அப்புறம், ஃபிளைட் மோட். வர்ணம் நடுவே யாரோ ஒருவரின் ரிங்டோன் இரண்டு ஸ்பீக்கரிலும் அலறியதைக் கேட்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

48 வோல்ட் பட்டனைப் போட்டால் சாதாரண மைக் எரிந்துவிடுமா?

எரியாது, வயர் சரியாக இருந்தால். கண்டென்சர் மைக்குக்கும் சில டிஐ பாக்ஸுக்கும் அந்த 48 வோல்ட் வேண்டும். டைனமிக் மைக்குக்கு இரண்டு கம்பியிலும் ஒரே அளவு வருவதால் அதற்கு ஒன்றும் தெரியாது. ஆனால் மொபைல், கீபோர்டு, சுருதிப் பெட்டியை எக்ஸ்எல்ஆர் வழியாகச் சொருகியிருந்தால் அந்த வோல்ட் அவற்றுக்குள் ஏறலாம். சின்ன மிக்சரில் ஒரே பட்டன் எல்லா எக்ஸ்எல்ஆருக்கும் சேர்த்துப் போகும், அதைக் கவனியுங்கள். பட்டனைத் தட்டும் முன் மாஸ்டரை இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் 'டப்' என்று அடிக்கும்.

கார்ட்லெஸ் மைக் நடுநடுவே விட்டுவிட்டு வருகிறது.

பேட்டரி முதல் சந்தேகம், ரிசீவர் இருக்கும் இடம் இரண்டாவது. ரிசீவரை மிக்சர் பக்கத்தில், ஜனக்கூட்டத்துக்குப் பின்னால் வைத்தால் நடுவே நிற்கும் உடம்புகள் அலையை உறிஞ்சிவிடும். ரிசீவரை மேடை ஓரத்தில், கண்ணுக்கு நேரே தெரியும் இடத்தில் வைத்து, அங்கிருந்து வயரில் கொண்டுவாருங்கள். பல கை மைக்குகளில் ஆன்டெனா அடிமுனையில் இருக்கிறது. அந்த முனையை உள்ளங்கையில் பொதிந்து பிடித்தாலும் விட்டுவிட்டு வரும்.

கிழிசல் வருகிறது, மிக்சரில் சிவப்பு இல்லை என்றால், இடுப்பில் மாட்டும் டிரான்ஸ்மிட்டரைத் திறந்து பாருங்கள். அதற்குள்ளேயும் ஒரு கெயின் உண்டு, ஸ்க்ரூ டிரைவரால் திருகுகிற மாதிரி. அங்கே கிழிந்தால் மிக்சரால் ஒன்றும் செய்ய முடியாது. எந்த மைக் செட் சிக்கலிலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்: சத்தம் முதன்முதலாகப் பெரிதாகும் இடம் எது?

'ங்ங்ங்' என்று ஒரு ரீங்காரம் ஓயாமல் வருகிறது. எர்த் பின்னை உடைத்துவிட்டால் போய்விடும் என்கிறார்களே?

போய்விடும். ஆளும் போய்விடலாம். தயவுசெய்து எர்த் பின்னை உடைக்காதீர்கள். கோயில் பந்தலில், ஈரத் தரையில், வெறுங்காலோடு, வாயை இரும்பு வலையில் ஒட்டி வைத்துப் பாடுகிறவர் உங்கள் ஆள்தான். மைக் உதட்டில் சுருக்கென்று கடிக்கிறது என்று யாராவது சொன்னால் அந்த நிமிடமே எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் ரீங்காரமும் 50-லும் 100-லும்தான் இருக்கும். பெரும்பாலும் காரணம், மிக்சர் ஒரு பிளக்கிலும் ஸ்பீக்கர் தூரத்தில் வேறொரு பிளக்கிலும் இருப்பது. இரண்டுக்கும் ஒரே போர்டிலிருந்து நீளமான எக்ஸ்டென்ஷன் போட்டுக் கரண்ட் எடுங்கள். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள்; அதனாலும் வரும். அப்படியானால் லேப்டாப்பை டிஐ பாக்ஸ் வழியாகக் கொடுங்கள், அதில் கிரவுண்டு லிஃப்ட் சுவிட்ச் இருக்கும், அதைத் தட்டுங்கள்; அது சிக்னல் வயரின் எர்த்தைத்தான் பிரிக்கும், கரண்டின் எர்த்தைத் தொடாது. சீரியல் செட் லைட்டுகள் ஓடும் லைனில் மைக் செட்டைச் சேர்க்க வேண்டாம். ஜெனரேட்டர் என்றால் அது ஓடி நிதானப்பட்ட பிறகு செட்டை மாட்டுங்கள்.

ஆன் செய்யும்போது 'டொம்' என்று அடிக்கிறது.

மிக்சர் முதலில், ஸ்பீக்கர் கடைசியில். அணைக்கும்போது ஸ்பீக்கர் முதலில்.

எங்கள் குழுவுக்கு எத்தனை வாட்ஸ் வேண்டும்?

பெட்டியின் மேல் எழுதியிருக்கும் எண்ணை நம்பி வாங்காதீர்கள். பிஎம்பிஓ என்று ஆயிரக்கணக்கில் போட்டிருப்பது விளம்பரக் கணக்கு. ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து கொடுக்கக்கூடிய வாட்ஸ், எவ்வளவு என்று கேளுங்கள். அப்படியும் வாட்ஸ் இரண்டு மடங்கானால் கூடுவது 3 டெசிபல்தான். கேட்பவர் காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய வேண்டுமானால் கிட்டத்தட்ட பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். 500-ஐ விற்று 1,000 வாங்குவதைவிட, இருக்கும் ஸ்பீக்கரை ஸ்டாண்டில் ஏற்றி, ஜனங்களின் தலைக்கு மேலே ஸ்பீக்கரின் கொம்பு (ட்வீட்டர் இருக்கும் பகுதி) தெரியும்படி நிறுத்துங்கள். தரையில் வைத்தால் முன்வரிசைக்குக் காது வலிக்கும், பின்வரிசைக்குக் கேட்காது. ஸ்டாண்டின் காலில் ஒரு மணல் மூட்டை. கடற்கரை ஊர்களில் காற்றடித்தால் இருபது கிலோ பெட்டி சரிந்து விழ அதிக நேரம் ஆகாது, பிள்ளைகள் எப்போதும் அதனடியில்தான் விளையாடும்.

பேட்டரி வைத்த டிராலி ஸ்பீக்கர் ஒரே வருடத்தில் அரை மணி நேரம்கூட நிற்கவில்லை.

பலவற்றில் உள்ளே இருப்பது 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி. அதைத் தீர்ந்த நிலையில் மூலையில் போட்டால் செத்துப்போகும். நிகழ்ச்சி முடிந்த அன்றே சார்ஜ், சும்மா கிடந்தாலும் மாதம் ஒரு தடவை சார்ஜ். மார்கழி பஜனைக்கு எடுத்துவிட்டு அடுத்த மார்கழிக்குத் தேடுகிறவர்களுக்கு வருடா வருடம் புது பேட்டரிதான்.

கொடையில் ராத்திரி முழுக்கப் பாட்டு. எதுவரை ஓட்டலாம்?

ஒலி மாசு விதிகள், 2000 சொல்வது: இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக மாநில அரசு வருடத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம். பகலில் ஓட்டவும் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டைச் சுற்றி 100 மீட்டரை அரசு அமைதிப் பகுதியாக அறிவித்திருக்கலாம், அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். அனுமதிக் கடிதத்தை விழாக் கமிட்டியிடம் கேட்டு வாங்கி, ஒரு நகலை மிக்சர் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் வந்தால் முதலில் பிடிப்பது ஸ்பீக்கரைத்தான், கமிட்டித் தலைவரை இல்லை. பத்து மணிக்கு மேல் செட்டை அணைத்துவிட்டு வில்லையும் குடத்தையும் மட்டும் வைத்துப் பாடிய கொடைகள் உண்டு. சுற்றி நெருங்கி உட்கார்ந்து கேட்பார்கள்.

வயர் எல்லாம் ஆறு மாதத்தில் உள்ளே அறுந்துபோகிறது.

முழங்கைக்கும் கட்டை விரலுக்கும் இடையே கயிறு சுற்றுவது போலச் சுற்றுகிறீர்கள், அதுதான். ஒவ்வொரு சுற்றுக்கும் வயர் முறுக்கேறி, உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி அறுகிறது. தரையில் போட்டு, ஒரு வளையம் நேராகவும் அடுத்த வளையம் உள்பக்கமாகத் திருப்பியும் மாற்றி மாற்றிப் போடுங்கள். முறுக்கும் மாற்று முறுக்கும் சரியாகிவிடும். அடுத்த ஊரில் ஒரு முனையைப் பிடித்து வீசினால் சிக்கில்லாமல் நீளமாக ஓடும். முதல் வாரம் கைக்கு வராது. ராத்திரி இரண்டு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், வேன் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கும்போதும் கை தானாக அப்படிச் சுற்றினால் பழகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.